காளான் ஈரலைக் காக்குமா? எலி ஆய்வுக்கும் நம் உடம்புக்கும் இடையே உள்ள தூரம்

கோடைக்கானலில் 'காளான்' என்ற ஒரே சொல்லுக்கு இன்று மூன்று பொருள். கொட்டகையில் வளர்த்து கிலோக் கணக்கில் சந்தைக்கு அனுப்பும் மொட்டுக் காளான் ஒன்று. சுற்றுலா வருகிறவர்களிடம் மறைவாக விற்கப்படுகிற, அடிக்கடி கைது செய்தியில் அடிபடுகிற போதைக் காளான் இன்னொன்று. மூன்றாவது, பொடியாகவும் கேப்ஸ்யூலாகவும் காபித்தூளில் கலந்தும் வருகிற 'மருத்துவக் காளான்'. இந்த மூன்றாவதைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். "ஈரலை ஆக்சிஜனேற்றப் பாதிப்பிலிருந்து காக்கும், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மஞ்சள் காமாலை வந்தவர்களும், ஸ்கேனில் 'ஈரலில் கொழுப்பு' என்று எழுதி வாங்கி வந்தவர்களும் இதை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள்.

அந்த ஆய்வுகள் பொய்யல்ல. சில நம் பக்கத்து மாநிலத்திலேயே, நல்ல ஆய்வகத்தில் நடந்தவை. ஆனால் அவை நிரூபித்தது ஒன்று, பொட்டலத்தில் அச்சடித்திருப்பது வேறொன்று. அந்த வேறுபாடு எங்கே வருகிறது என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஈரலுக்குள் நடப்பது என்ன?

வளர்ந்தவர் ஒருவரின் ஈரல் ஏறக்குறைய 1.5 கிலோ எடை இருக்கும். குடலில் உறிஞ்சப்படும் சாப்பாடு, மாத்திரை, சாராயம், பூச்சிமருந்து எச்சம் எல்லாம் பெரும்பாலும் முதலில் ஈரலுக்குத்தான் வருகின்றன. அங்கே ஆயிரக்கணக்கான வேதி வினைகள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி நடக்கின்றன. அப்படி நடக்கும்போது சிறிதளவு ஆக்சிஜன் அரைகுறையாக மாறி, ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட துகளாக வெளியே வருகிறது. இதற்குத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். அது தன் குறையைத் தீர்க்கப் பக்கத்து மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். இப்படியே தொடர்ந்து வரும் சேதம்தான் ஆக்சிஜனேற்றப் பாதிப்பு.

இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். கடலை எண்ணெயை மூடாமல் வெயில் படும் இடத்தில் வைத்தால் கொஞ்ச நாளில் காறல் வாடை வருகிறதல்லவா? கொழுப்பை ஆக்சிஜன் தாக்கி, அந்தத் தாக்குதல் சங்கிலியாகப் பரவுவதால் வரும் வாடை அது. ஈரல் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்விலும் கொழுப்பு நிறைய உண்டு. அங்கேயும் இதே வினை நடக்கலாம். சவ்வு பழுதானால் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள் ரத்தத்தில் கசியும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்று இருப்பவை அப்படிக் கசிந்த நொதிகளின் அளவுதான்.

உடம்பு இதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதில்லை. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற நொதிகள் காவலுக்கு இருக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது குளுட்டாதயோன். மூன்று அமினோ அமிலங்களைக் கோத்து ஈரலே இதைத் தயாரித்துக்கொள்கிறது.

குளுட்டாதயோனின் அருமை பாராசிட்டமால் விஷயத்தில் தெரியும். சரியான அளவில் மாத்திரை போட்டால் அதில் ஒரு சிறு பங்கு விஷப்பொருளாக மாறும், குளுட்டாதயோன் அதை உடனே செயலிழக்கச் செய்துவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகும், விஷம் ஈரல் செல்களைக் கொல்லும். மருத்துவமனையில் கொடுக்கும் மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்த குளுட்டாதயோனை மறுபடி நிரப்புகிறது. விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரல் ஏறக்குறைய முழுமையாகத் தப்பிக்கிறது. நேரம் ஆக ஆகப் பலன் குறைகிறது. ஆக, ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்து ஈரலைக் காக்க முடியும் என்பது வெறும் கற்பனையல்ல. ஆனால் எந்தப் பாதிப்பு, எந்த நேரத்தில், எந்தப் பொருள் என்ற மூன்றும் பொருந்தி வர வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ், குடி, கொழுப்பு ஈரல் என எல்லா ஈரல் நோயிலும் ஆக்சிஜனேற்றப் பாதிப்பு தென்படும். பல நேரம் அது நோயின் காரணம் அல்ல, நோயின் விளைவு. புகையை விசிறி விரட்டினாலும் அடுப்பில் விறகு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

காளானில் என்ன இருக்கிறது?

ஆய்வாளர்கள் ஆர்வம் காட்டும் பொருள்கள் முக்கியமாக நான்கு:

1. பீட்டா குளுக்கான். காளானின் செல்சுவரில் உள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலி. நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் தன்மை இதற்கு உண்டு.

2. ட்ரைடெர்பீன்கள். ரெய்ஷி அல்லது லிங்ஷி எனப்படும் கேனோடெர்மா காளானின் கடும் கசப்புக்கு இவையே காரணம்.

3. பீனால் வகைப் பொருள்கள். தேயிலையிலும் நெல்லிக்காயிலும் இருக்கும் அதே குடும்பம்.

4. எர்கோதயோனின். இது கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமில வகை. 1909-ல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மனித உடம்பால் இதைத் தயாரிக்க முடியாது. ஆனால் இதைச் செல்லுக்குள் ஏற்றிச் செல்ல நம் உடம்பில் தனியாக ஒரு புரதம் இருப்பது 2005-ல் தெரியவந்தது. தேவையில்லாத ஒன்றுக்கு உடம்பு ஏன் தனி வாகனம் வைத்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கேட்பது நியாயமான கேள்வி. நம் உணவில் இது மிக அதிகமாகக் கிடைப்பது காளானில்தான். அதற்கு அரிய காட்டுக் காளான் தேவையில்லை, சிப்பிக் காளானிலேயே நல்ல அளவு இருக்கிறது.

இந்தப் பொருள்கள் சோதனைக் குழாயில் ஃப்ரீ ராடிக்கலை அடக்குகின்றன. டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் காளான் சாற்றை விட்டால் நிறம் மங்கி மஞ்சளாகும். அதை வைத்து 'இத்தனை சதவீத ஆற்றல்' என்று எழுதுவார்கள். குழாயில் நடப்பது அப்படியே உடம்பில் நடக்காது. ஜீரணத்தில் சிதைவது, குடலில் உறிஞ்சப்படாமல் போவது, ஈரலே பிடித்து மாற்றிவிடுவது என்று நடுவே பல கட்டங்கள் உண்டு. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலை வரிசைப்படுத்தி வைத்திருந்த தன் பட்டியலையே 2012-ல் விலக்கிக்கொண்டது. அந்த எண்களை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் அது காரணமாகச் சொன்னது.

எலி ஆய்வைப் படிப்பது எப்படி?

குழப்பத்தின் மையம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். திருச்சூரில் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் பெல்லினஸ் ரைமோசஸ் என்ற மரக்காளானை ஆராய்ந்து 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கேரளத்தில் பலா மரத்தின் தண்டில், குதிரைக் குளம்பு மாதிரி கெட்டியாக ஒட்டிக்கொண்டு வளரும் காளான் அது. அதன் சாறு எலிகளின் ஈரலைக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற விஷத்திலிருந்து காத்தது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டத்தில் பலா வைத்திருப்பவர் இதைப் படித்தால் உடனே தன் மரத்தை நிமிர்ந்து பார்ப்பார். பார்க்கட்டும். ஆனால் அதற்கு முன் அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வகைச் சோதனையில் எலிக்குச் சாற்றைக் கொடுத்துத் தயார்செய்வார்கள். பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு கொடுப்பார்கள். இது முன்காலத்தில் உலர் சலவையிலும் தீயணைப்பானிலும் பயன்பட்ட திரவம். ஈரலில் உள்ள சைட்டோகுரோம் என்ற நொதி இதை உடைக்கும்போது கொடிய ஃப்ரீ ராடிக்கல் பிறக்கிறது. எண்ணெய் காறுவது போன்ற சங்கிலி வினை தொடங்கி, ஒரு நாளுக்குள் ஈரல் செல்கள் சாகின்றன. பிறகு ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி.யையும், ஈரலில் குளுட்டாதயோனையும் அளப்பார்கள். சாறு சாப்பிட்ட எலிக்குப் பாதிப்பு குறைவு என்றால், 'ஈரல் பாதுகாப்புத் தன்மை உண்டு' என்று எழுதுவார்கள்.

இதிலிருந்து நோயாளிக்குத் தாவும்போது எத்தனை இடத்தில் கால் இடறுகிறது, பாருங்கள்:

1. நேரம். எலிக்குக் காவல் போட்ட பிறகு திருடனை உள்ளே விடுகிறார்கள். நம் ஆட்கள் மருந்து தேடுவது திருட்டுப் போன பிறகு, பல வருடம் குடித்தோ சர்க்கரை நோயோடு இருந்தோ ஈரல் தழும்பேறிய பிறகு. முன்கூட்டிக் காப்பது வேறு, கெட்டதைச் சரிசெய்வது வேறு.

2. விஷம். கோடைக்கானலில் எவரும் கார்பன் டெட்ராகுளோரைடு குடித்து ஈரல் கெட்டு வருவதில்லை. அந்த விஷத்தை உருவாக்குவதே சைட்டோகுரோம் நொதி. காளான் சாறு அந்த நொதியைத் தடுத்துவிட்டால் விஷம் பிறக்கவே பிறக்காது, ஈரல் காக்கப்பட்ட மாதிரித் தோன்றும். அதனால் வைரஸ் தாக்கிய ஈரலுக்கு எந்தப் பயனும் இல்லாமல் போகலாம்.

3. சாறு. பெல்லினஸ் ஆய்வில் மிக நன்றாக வேலை செய்தது எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் எடுத்த சாறு. வீட்டில் காளானைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் இறங்கும் பொருள்கள் வேறு, அரைத்த பொடியில் இருப்பவை வேறு.

4. அளவு. ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம்: எலிக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் சாறு. மனிதருக்கு மாற்ற அதை ஏறக்குறைய ஆறால் வகுப்பது வழக்கம். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 1 கிராம் சாறு என்று வரும். 100 கிராம் காய்ந்த காளானிலிருந்து 3 கிராம் சாறுதான் கிடைக்கிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு 33 கிராம் காய்ந்த காளான் வேண்டும். கேப்ஸ்யூலில் அடைத்திருப்பது பெரும்பாலும் அரை கிராம் பொடி.

கீழாநெல்லி நமக்குச் சொன்னது

எலியைத் தாண்டி மனிதரிடம் வந்தாலும் அவசரப்படக் கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி இனம் ஒன்றை 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதத்தினருக்கு, வைரஸின் அடையாளப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துச் சத்து இல்லாத போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதில் எவரும் ஏமாற்றவில்லை. சிறிய எண்ணிக்கை, குறுகிய காலம், செடியின் இனமும் விளைந்த இடமும் மாறுவது என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு, நல்ல இதழில் வெளிவந்து, நோபல் விஞ்ஞானியின் பெயரும் சேர்ந்திருந்த கீழாநெல்லிக்கே இந்த நிலை. காளான் பொடி அந்தப் படியில் பாதிகூட ஏறவில்லை.

ரெய்ஷியைப் பற்றி மனிதரிடம் நடந்த சோதனைகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்திருக்கிறது. இதய நோய் ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது 2015-ல் வந்த முடிவு. புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாகப் பயன்படுத்தவும் போதிய ஆதாரம் இல்லை என்றே அவர்களின் இன்னொரு தொகுப்பு சொன்னது.

ஒரே பெயரில் பல காளான்

மலையிலிருந்து இறங்கி அய்யம்பாளையம், பழனிப் பக்கம் தென்னை விவசாயிகளிடம் கேனோடெர்மா என்று சொன்னால் மருந்து என்று நினைக்க மாட்டார்கள், பயப்படுவார்கள். தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடியும், மட்டைகள் வாடித் தொங்கும், கடைசியில் தண்டின் அடியில் பளபளவென்று ஒரு காளான் தட்டு முளைக்கும். அடித்தண்டழுகல் நோய். 1952-ல் புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் முதலில் கவனித்ததால் தஞ்சாவூர் வாடல் என்றும் பெயர். இதற்குக் காரணமான பூஞ்சையை நம் வேளாண் நூல்கள் வெகுகாலம் 'கேனோடெர்மா லூசிடம்' என்றே எழுதிவந்தன. ரெய்ஷி டப்பாவின் மேல் இருப்பதும் அதே பெயர்தான்.

இரண்டும் ஒன்றா? அந்தப் பெயர் 1781-ல் இங்கிலாந்தில் கிடைத்த ஒரு காளானுக்கு வைத்தது. பளபளப்பான தட்டுக் காளான் எங்கே கிடைத்தாலும் அதே பெயரைச் சூட்டிக்கொண்டே போனார்கள். மரபணுவைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அது பல இனங்களின் கூட்டம் என்று தெரிந்தது. சீனாவில் வளர்க்கும் லிங்ஷிக்கு 2012-ல் கேனோடெர்மா லிங்ஷி என்று தனிப் பெயரே கொடுத்துவிட்டார்கள். ஆகவே பழைய ஆய்வுகளில் 'லூசிடம்' என்று இருந்தால் அது எந்தக் காளான் என்பதே கேள்வி. சோலைக்காட்டு ஓரத்தில் பெயர்த்தெடுத்த தட்டுக் காளானுக்கு அந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது.

காக்கும் என்று வாங்கியதே கெடுத்தால்?

ஹாங்காங்கில் 2004-லும் தாய்லாந்தில் 2007-லும் மருத்துவர்கள் தனித்தனியே பதிவு செய்த நிகழ்வுகள் இவை: லிங்ஷிப் பொடி எடுத்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்தது. தாய்லாந்து நோயாளி இறந்துபோனார். கோடிக்கணக்கானோர் உண்ணும் பொருளில் இத்தகைய நிகழ்வு அரிது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே ஈரல் கெட்டவருக்கு அரிதான ஆபத்தும் பெரிய ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் ரெய்ஷியைத் தொடக் கூடாது.

'ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்றாலே நல்லது' என்ற எண்ணத்தையும் விட வேண்டும். வைட்டமின் ஈ இதற்கு நல்ல உதாரணம். சர்க்கரை நோய் இல்லாத, கொழுப்பு ஈரல் அழற்சி உள்ள 247 பேரிடம் நடந்த சோதனை 2010-ல் வெளிவந்தது. தினம் 800 அலகு வீதம் 96 வாரம் வைட்டமின் ஈ எடுத்தவர்களில் 43 சதவீதத்தினருக்கு ஈரல் தேறியது; போலி மருந்து எடுத்தவர்களில் 19 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் ஆரோக்கியமான ஆண்களிடம் நடந்த வேறொரு பெரிய சோதனையில், தினம் 400 அலகு எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. கிருமியைக் கொல்லவும் செல்கள் ஒன்றுக்கொன்று சைகை கொடுக்கவும் உடம்பு அதே ஃப்ரீ ராடிக்கல்களைப் பயன்படுத்துகிறது. எல்லாவற்றையும் அணைப்பது பாதுகாப்பு ஆகாது.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை

14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தால் அது பதிவு பெற்ற தயாரிப்பாளர் என்று பொருள், நோய் தீர்க்கும் என்று பொருளல்ல. சத்துணவுத் துணைப்பொருளாக விற்பவற்றில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரி இருந்தாக வேண்டும். பெரும்பாலும் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். மருந்தாகவே விற்றாலும், குணமாக்குவோம் என்று உரிமை கோரக் கூடாத நோய்களின் பட்டியல் இந்திய மருந்து விதிகளில் உண்டு. 'ஜே' அட்டவணை என்பார்கள். மஞ்சள் காமாலையும் ஈரல் கோளாறுகளும் அதில் இருக்கின்றன.

கொழுப்பு ஈரல் உள்ளவருக்கு நல்ல ஆதாரம் உள்ள வழி, உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பது. காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பேறுவது குறைவாக இருப்பதையும் பல நாட்டு ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. சர்க்கரை போடாமல் குடித்தால் கீழ்ப் பழனிக் காபியே போதும். சிப்பிக் காளானும் மொட்டுக் காளானும் பால் காளானும் நல்ல சாப்பாடு. புரதமும் நார்ச்சத்தும் எர்கோதயோனினும் குழம்பிலேயே வரும். வாரத்தில் இரண்டு நாள் ஆட்டுக்கறிக்குப் பதில் காளான் வைத்தால், எந்தக் கேப்ஸ்யூலையும்விட உங்கள் ஈரலுக்கு நன்மை அதிகம் என்று தயங்காமல் சொல்வேன்.

காட்டில் பறிப்பது: உயிர் போகும் விஷயம்

மருத்துவக் காளான் பேச்சு பரவப் பரவ, பைன் காட்டிலும் யூக்கலிப்டஸ் தோப்பிலும் புதியவர்கள் காளான் தேடத் தொடங்குவார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. இந்த மலையின் பழங்குடிகளான பளியர் பெரியவர்களுக்குத் தங்கள் காட்டுக் காளான்களில் தலைமுறை அறிவு உண்டு. செல்போன் படத்தை வைத்துப் பறிப்பவருக்கு அது கிடையாது. உலகில் காளான் விஷத்தால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு, ஈரலைக் குறிவைக்கும் அமடாக்சின் என்ற நஞ்சால் வருபவை. அமானிட்டா இனத்தில் சிலவற்றிலும், கேலரினா என்ற சின்னப் பழுப்புக் காளானிலும் இது உண்டு. கேலரினாவைப் போதைக் காளான் என்று தவறாக நினைத்துத் தின்றவர்கள் வெளிநாடுகளில் ஈரலைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

வேகவைத்தாலும் காயவைத்தாலும் அமடாக்சின் அழியாது. வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பவையெல்லாம் இதற்குச் செல்லாது. இந்த விஷம் வேலை செய்யும் வரிசையும் ஏமாற்றக்கூடியது:

1. முதல் 6 முதல் 12 மணி நேரம் ஒன்றுமே தெரியாது.

2. பிறகு கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. ஒரு நாள் அளவுக்கு நீடிக்கும்.

3. அப்புறம் சரியானது போலத் தோன்றும். வீட்டில் எல்லோரும் நிம்மதியடைவார்கள். உள்ளே ஈரல் செல்களில் புரதம் தயாரிக்கும் வேலையே நின்று, அவை செத்துக்கொண்டிருக்கும்.

4. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கண் மஞ்சளாகும், ரத்தம் உறையாது, நினைவு தடுமாறும்.

காட்டுக் காளான் சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கினால் அதைச் சாதாரண அஜீரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கஷாயம் காய்ச்சிக்கொண்டு காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். கோடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை மலைப்பாதை என்பதால், மூன்றாம் கட்ட நிம்மதியை நம்பி ஓர் இரவைக் கடத்துவதுகூட ஆபத்து. உடன் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். சமைக்காத மிச்சக் காளான் இருந்தால் பிளாஸ்டிக் பையில் போடாமல் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.